ஏத்தி விட்டவன் வீட்டுல தூங்குறான், கேஸ் ஓட்டிட்டு வந்தவன் மேல!

தோழர்களே,

ஒரு கணக்கு போடுவோம். பேனா வேண்டாம், விரல் போதும்.

ஆறு சக்கர டிப்பர் ஒன்று. ஆர்.சி. புக்கில் மொத்த எடை 18.5 டன் என்று இருக்கிறது. வண்டி, சரக்கு, டீசல், ஆள் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான் ரோட்டில் போகலாம். கிரஷரில் ஜல்லி ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறது. நாலு கிலோமீட்டர் தாண்டியதும் பிரேக் இன்ஸ்பெக்டர் கை காட்டுகிறார். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 25.5 டன். ஏழு டன் கூடுதல்.

மோட்டார் வாகனச் சட்டம், 194-ஆம் பிரிவு. ஓவர்லோடு என்றாலே அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆக 20,000 கூட்டல் 14,000, மொத்தம் 34,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்குகிற செலவு தனி. 2019 செப்டம்பர் 1-க்கு முன்னால் இதே குற்றத்துக்குச் சட்டம் சொன்ன கணக்கு 2,000 அடிப்படை, டன்னுக்கு 1,000. அதாவது 9,000 ரூபாய். ஒரே திருத்தத்தில் ஏறக்குறைய நாலு மடங்கு.

அபராதத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லிவிட்டது: சரக்கு வண்டியில் ஓவர்லோடு ஏற்றி ஓட்டினால் ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும். மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாத டிரைவர் என்ன செய்வார்? வாடகை யார் தருவா? பள்ளிக்கூடத்துக்கு யார் கட்டுவா?

இப்போ கேள்விக்கு வருவோம். அந்த ஏழு டன்னை அந்த டிரைவர் தன் தலையில சுமந்து கொண்டுபோய் வண்டியில கொட்டினாரா?

இல்லைங்க. பொக்லைன் போட்டு ஏற்றியது கிரஷர். எத்தனை பக்கெட் என்று எண்ணியது கிரஷர் ஆள். பில் போட்டது கிரஷர் ஆபீஸ். பெரும்பாலான கிரஷர் வாசலில் சொந்த எடைமேடையே இருக்கிறது. வண்டி காலியாக உள்ளே வரும்போது ஒரு எடை, நிரம்பி வெளியே போகும்போது ஒரு எடை, கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டோடு வைத்திருப்பார்கள். காசு வாங்க வேண்டுமே! ஆக, அந்த வண்டி எத்தனை டன் கூடுதலாக வெளியே போகிறது என்று இந்த உலகத்திலேயே துல்லியமாகத் தெரிந்த ஒரே இடம் அந்தக் கேட். அந்தக் கேட்டுக்குள்ளே ஒரு நாளும் சலான் புத்தகம் போகாது. நாலு கிலோமீட்டர் தள்ளி, புளியமரத்து நிழலில்தான் நிற்கும்.

ஆர்.டி.ஓ. ஜீப் கிரஷர் வாசல்ல நின்னா என்ன? வழி தெரியாதா?

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லுவார்கள். படித்துப் பாருங்கள், தோழர்களே. 194-ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் பிடிக்கவில்லை. ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் என்று மூன்று பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. 113-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வண்டியை ஓட்டி வந்தவர் உரிமையாளர் இல்லையென்றால், அந்தக் குற்றம் உரிமையாளருக்குத் தெரிந்தே, அவர் சொல்லியே நடந்தது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளலாம். இதெல்லாம் நேற்று வந்த வரிகள் இல்லை. 1988 சட்டத்திலேயே இருப்பவை. "ஏத்துனது யாரு, ஏத்தச் சொன்னது யாரு" என்று கேட்பதற்கு அதிகாரிக்குச் சட்டம் வாய் கொடுத்திருக்கிறது. திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. குவாரியிலிருந்து கல்லோ ஜல்லியோ எம்-சாண்டோ வெளியே வர கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். எவ்வளவு சரக்கு, எந்த வண்டி, எங்கே போகிறது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எல்லாம் அதில் இருக்கும். அரசுக்குப் போக வேண்டிய சீனியரேஜ் தொகை அந்த அளவுக்குத்தான் கட்டப்படுகிறது. சீட்டில் இரண்டு யூனிட் என்று எழுதிவிட்டு வண்டியில் நாலு யூனிட் கொட்டினால், அந்த மிச்ச இரண்டு யூனிட் என்ன? அரசாங்கத்துக்குக் காசு கட்டாத கல். அதாவது திருட்டுக் கல். அப்படியானால் ஓவர்லோடு என்பது வெறும் போக்குவரத்து விதிமீறலாக நிற்காது. மக்கள் சொத்தைச் சீட்டில்லாமல் கொண்டுபோகிற வேலை. அதற்கென்று 2011-இல் தனி விதிகளே இருக்கின்றன. ஆனால் பிடிபடுகிற அன்றைக்கு டிரைவர் கையில் மோட்டார் வாகனச் சலான் மட்டும் வரும். கனிமவளத் துறைக்குக் காகிதமே போகாது. இரண்டு துறையும் ஒரே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் டீ குடிக்கிறவர்கள்தான், பேசிக்கொள்ள என்ன தடை என்று தெரியவில்லை.

சரி. இப்போது நம்ம ஆட்களிடமே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்ம தோழர்களில் சிலர், முக்கியமாகச் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள், "ஓவர்லோடு கேஸே போடக்கூடாதுன்னு கட்சி போராடணும்" என்கிறார்கள். கோபம் நியாயம். கேட்பது நியாயமில்லை. ஏனென்று சொல்கிறோம்.

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ரோடு போட்டு, அதன்மேல் வெவ்வேறு பாரத்தோடு லாரிகளை மாதக்கணக்கில் விடாமல் ஓட்டினார்கள். எந்த எடைக்கு ரோடு எவ்வளவு தேய்கிறது என்று பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்கைத்தான் உலகம் முழுக்க ரோடு போடுகிற என்ஜினியர்கள் இன்றைக்கும் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். ஒரு அச்சின் மேல் விழும் எடை கூடினால், ரோட்டின் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். புரிகிற மாதிரி சொன்னால், ஒரு அச்சில் ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடினாலே சேதம் இரண்டு மடங்கு. பாதிக்குப் பாதி கூடினால் ஐந்து மடங்கு. நீங்கள் ஏற்றுவது ஒன்றரை லோடு. ரோடு தாங்குவது ஐந்து வண்டி.

ஊராட்சி ஒன்றியச் சாலை என்ன தடிமன் என்று உங்களுக்கே தெரியும். டிராக்டரும் மினி பஸ்ஸும் பால் வண்டியும் போவதற்காகப் போட்டது. அதில் தினமும் டாரஸ் லாரி வரிசையாகப் போனால் ஒரு மழைக்கு மேல் தாங்குமா? கிரஷர் பக்கத்து ஊர்களில் போய்ப் பாருங்கள். பல்லடம் பக்கமோ, உத்திரமேரூர் பக்கமோ, கரூர் பக்கமோ. சைக்கிளில் போகிற பொம்பளைப் பிள்ளைகள் பள்ளத்துக்கு ஒதுங்குவதா, டிப்பருக்கு ஒதுங்குவதா என்று தெரியாமல் நிற்கிறார்கள். தரைப்பாலம் விரிசல் விட்டால் 108 வண்டி சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஊர்க்காரர்களும் நம்ம ஆட்கள்தான். அவர்களிடம் போய் "ஓவர்லோடு எங்க உரிமை"ன்னு சொல்ல நம்மால் முடியாது.

ஓட்டுகிறவருக்கும் அதுதான் எமன். பிரேக் 18.5 டன்னை நிறுத்துவதற்குச் செய்தது. 25 டன்னோடு இறக்கத்தில் வரும்போது அது கேட்காது. டயர் வெடித்தால், வண்டி சாய்ந்தால் முதலில் நசுங்குவது கேபின். முதலாளியின் ஆபீஸ் நசுங்குவதில்லை.

ஆகவே அபராதமே வேண்டாம் என்று கட்சி சொல்லவில்லை. சரியான ஆளைப் பிடி என்கிறோம்.

"டிரைவர் ஏன் ஏத்துறார், மறுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிற டிவி விவாத மேதாவிகள் இருக்கிறார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து கேட்பது சுலபம். மறுத்தால் அடுத்த டிரிப் இன்னொருத்தருக்கு. வாசலில் இருபது வண்டி வரிசையில் நிற்கிறது. டிரைவருக்கு மாதச் சம்பளம் இல்லை, டிரிப்புக்கு இவ்வளவு என்று படி. சொந்த வண்டிக்காரருக்கோ ஃபைனான்ஸ் டியூ. மாதம் பத்தாம் தேதி கட்டாவிட்டால் பதினைந்தாம் தேதி வண்டியைத் தூக்கிவிடுவான். வாடகை டன் கணக்கிலோ யூனிட் கணக்கிலோதான். சட்டப்படி இரண்டரை யூனிட் ஏற்றினால் டீசலுக்கும் டோல்கேட்டுக்கும் போய் மிச்சம் என்ன? அந்த மிச்சமே அந்தக் கூடுதல் ஒன்றரை யூனிட்டில்தான் இருக்கிறது என்கிற நிலைமையைச் செய்து வைத்தது யார்?

2018 ஜூலையில் ஒன்றிய அரசு லாரிகளின் பார வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5-க்குப் போனது. "இனிமேல் ஓவர்லோடே இருக்காது"ன்னு சொன்னார்கள். நடந்தது என்ன? கூடிய இரண்டு டன்னுக்கு வாடகை கூடவில்லை. பழைய வாடகைக்கே கூடுதலா ஏத்து என்றார்கள் சரக்குக்காரர்கள். அதற்கு மேலேயும் ஏத்து என்றார்கள். வரம்பு ஏறியது, பழக்கம் அதற்கும் மேலே ஏறியது. ஒரு வருடம் கழித்து, 2019-இல், அபராதத்தை ஏற்றினார்கள். வாடகைக்குக் குறைந்தபட்ச விலை வைக்கச் சொல்லி லாரிக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியது மட்டும் டெல்லிக்குக் கேட்கவில்லை.

(வீடு கட்டுகிற நம்ம மக்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். "நாலு யூனிட் போடுப்பா, ஒரே லோடுல முடிச்சிரு"ன்னு சொல்லும்போது யாருடைய லைசென்ஸை அடமானம் வைக்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.)

அடுத்தது தடை செய்த சாலை. இது தனிக் கொடுமை.

ஒரு சாலையில் இந்த வகை வண்டி போகக் கூடாது, இத்தனை டன்னுக்கு மேல் போகக் கூடாது, இந்த நேரத்தில் போகக் கூடாது என்று தடை போட 115-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பாலம் பலவீனமாக இருக்கலாம், ஊர் நெரிசல் இருக்கலாம், காடு இருக்கலாம். நியாயம்தான். ஆனால் அதே பிரிவு அரசுக்கும் இரண்டு கடமை வைத்திருக்கிறது. ஒன்று, தடையை அரசிதழில் அறிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழ் வேண்டாம், ஆனால் உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும். இரண்டு, 116-ஆம் பிரிவின்படி பொருத்தமான இடங்களில் போர்டு வைத்தாக வேண்டும். வைத்தாலும் வைக்கலாம் என்று இல்லை. வைத்தாக வேண்டும்.

நடப்பது எப்படி? பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் போர்டு இருக்காது. கூகுள் மேப் "இடது பக்கம் திரும்பு" என்று சொல்லும். வெளியூர் டிரைவர் திரும்புவார். ரெண்டு கிலோமீட்டர் உள்ளே போய், ரிவர்ஸ் எடுக்க இடமில்லாத இடத்தில், ஒரு போர்டு வேப்பமரத்துக்குப் பின்னால் துருப்பிடித்து நிற்கும். அதற்குப் பக்கத்திலேயே சலான் மெஷினோடு ஆள் நிற்பார். அந்தப் போர்டை மறைத்துக் கல்யாண ஃபிளெக்ஸோ கட்சி ஃபிளெக்ஸோ கட்டியிருந்தால், அது நம்ம கட்சி ஃபிளெக்ஸாக இருந்தாலும், இன்றைக்கே கழற்றுங்கள். கிளைச் செயலாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தடை என்றால் எப்படி இருக்க வேண்டும், எங்கே இடிக்கும் என்பதற்குத் திம்பம் நல்ல உதாரணம். பண்ணாரியிலிருந்து மேலே ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ளே போகிற ரோடு. ராத்திரியில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாகின்றன. வளைவில் பெரிய லாரி மாட்டிக்கொண்டால் மணிக்கணக்கில் எல்லாமே நிற்கும். 2019-இல் மாவட்ட நிர்வாகம் போட்ட இரவுத் தடை காகிதத்திலேயே கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. பிறகு 16.2 டன் எடை வரம்பும் வந்தது. அந்தத் தடையின் நோக்கத்தோடு நமக்குச் சண்டை இல்லை. யானைக்கும் அது வழிதான். ஆனால் தாளவாடி மலை விவசாயிகள் ரோட்டில் இறங்கியது ஏன்? தக்காளியும் முட்டைக்கோசும் கரும்பும் கீழே இறங்க வேறு வழி என்ன என்று யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசவில்லை. தடை உத்தரவு ஒரே நாளில் வந்துவிடும். மாற்று ஏற்பாடு மட்டும் "பரிசீலனையில் உள்ளது". எல்லாத் தடைச் சாலையிலும் இதே கதை.

சரி, தோழர்களே. போராட்டம் ஒரு பக்கம். நாளைக்குக் காலையில் உங்களை மடக்கினால் என்ன செய்வது? இதை நிதானமாகப் படியுங்கள். டிரைவர் தோழர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

எடை போடாமல் ஓவர்லோடு கேஸ் கிடையாது. "பார்த்தாலே தெரியுது, பட்டை உட்கார்ந்திருக்கு" என்பதெல்லாம் செல்லாது. 114-ஆம் பிரிவுப்படி, சந்தேகம் இருந்தால் அதிகாரி வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். அந்த எடைமேடை நீங்கள் போகிற வழியில் முன்பக்கம் பத்து கிலோமீட்டருக்குள், அல்லது சரக்கு இறங்கும் இடத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வந்த வழியே ஐம்பது கிலோமீட்டர் திருப்பிக் கூட்டிப்போக முடியாது.

ஆனால் எடை போடச் சொன்னால் மறுக்காதீர்கள். நிறுத்தாமல் ஓடினாலும், எடை போட மாட்டேன் என்றாலும் 40,000 ரூபாய் அபராதம். ஏழு டன் ஓவர்லோடைவிட அதுதான் அதிகம். வழியில் சரக்கைத் தள்ளிவிட்டு வந்தாலும் அதே 40,000 தான். யாராவது "ஓடிரு, நான் பார்த்துக்கிறேன்"ன்னு போனில் சொன்னால், அவர் பார்த்துக்கொள்ள மாட்டார்.

எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். போட்டோவும் எடுங்கள். நேரம், வண்டி நம்பர், எடை மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எடைமேடைக்குச் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சான்றிதழை வழக்கமாகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். பிறகு ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையை எடுத்து நீங்களே கழித்துப் பாருங்கள். 2018-க்கு முன்னால் பதிவான வண்டியின் ஆர்.சி.யில் பழைய எடையே இருக்கும். எந்த எடையை வைத்துக் கழித்தார்கள் என்று சலானில் பாருங்கள். கணக்குத் தப்பினால் அங்கேயே சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள்.

கூடுதல் சரக்கை இறக்கச் சொல்லும் உத்தரவு எழுத்தில் வர வேண்டும். பெர்மிட்டிலும் ஓவர்லோடு விவரத்தைக் குறித்து, பெர்மிட் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதுவும் அதே 114-இல் இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "ஃபைன் கட்டிட்டேன், அப்படியே போறேன்" என்பது சட்டத்தில் இல்லை. அபராதம் கட்டிவிட்டால் ஓவர்லோடோடு பயணத்தைத் தொடரலாம் என்கிற ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2005-இலேயே பரம்ஜித் பாசின் வழக்கில் தள்ளிவிட்டது. 2019 திருத்தமும் அதையே சொல்கிறது: சரக்கு குறையாமல் வண்டி நகரக் கூடாது. ஆகவே காசை வாங்கிக்கொண்டு "போ"ன்னு கை காட்டினால், அங்கே நடந்தது அபராதம் இல்லை. பெயர் உங்களுக்கே தெரியும். ரசீதில்லாத ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சோதனைச் சாவடிகளில் லஞ்ச ஒழிப்புத் துறை திரும்பத் திரும்ப ரெய்டு போவது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

தடைச் சாலை கேஸ் என்றால், திரும்பிய இடத்தைப் போட்டோ எடுங்கள். போர்டு இல்லை என்றால் இல்லாததைப் படமெடுங்கள். இருந்து மறைந்திருந்தால் டிரைவர் சீட்டிலிருந்து எப்படித் தெரிகிறது என்று படமெடுங்கள். எந்த அறிவிப்பின்படி தடை, தேதி என்ன என்று சலானில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறுகிற இடங்கள் நிறைய உண்டு.

சலான் வந்துவிட்டதாலேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம் கட்டுவது ஒரு வழி. நீதிமன்றத்தில் எதிர்கொள்வது இன்னொரு வழி. தப்பு நம்ம பக்கம் தெளிவாக இருந்தால் கட்டி முடிப்பதே லாபம். வக்கீல் செலவு வேறு ஆகும். எடைச் சீட்டு இல்லை, போர்டு இல்லை, கணக்குத் தவறு என்றால் எதிர்த்து நில்லுங்கள். ரோட்டில் பதித்த எடைக்கருவியும் கேமராவும் போடுகிற கேஸ் என்றால், 2021-இல் வந்த 167-ஏ விதிப்படி குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு மாதம் ஒருமுறை பாருங்கள். எஃப்.சி.க்குப் போகும்போதுதான் பழைய சலான் வரிசையாக எழுந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் லைசென்ஸ். உரிமத்தை நிறுத்தி வைப்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் மேசை டிராயரில் போடாதீர்கள். பதில் எழுதுங்கள். சரக்கு ஏற்றியது யார், எந்த கேட்டிலிருந்து, எந்த நடைச்சீட்டோடு, முதலாளி போனில் என்ன சொன்னார், அத்தனையும் அந்தப் பதிலில் எழுதுங்கள். நிறுத்தி உத்தரவு வந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. எழுதத் தெரியவில்லை என்றால் கட்சி அலுவலகத்துக்கு வாருங்கள். வழக்கறிஞர் அணித் தோழர்கள் எழுதித் தருவார்கள். கட்சி உறுப்பினரா என்று கேட்க மாட்டோம்.

அந்தப் பதில்கள்தான் நமக்கு ஆயுதமும். நூறு டிரைவர்கள் நூறு பதிலில் ஒரே கிரஷரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. கோப்பில் ஏறிவிட்டது. அதன் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நாம் கேட்போம்: இந்த கிரஷர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? ஒரு வருடத்தில் இந்த மாவட்டத்தில் போட்ட ஓவர்லோடு கேஸ் எத்தனை, அதில் சரக்கு ஏற்றியவர் மீது எத்தனை?

அரசிடம் கட்சி கேட்பது பெரிய விஷயமில்லை. கிரஷர், குவாரி கேட்டில் இருக்கிற எடைமேடையை நடைச்சீட்டோடு இணையுங்கள். ஆர்.சி. எடையைத் தாண்டினால் சீட்டு பிரிண்டே ஆகக் கூடாது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்றால் அரிசி கொடுக்காமல் ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பத் தெரிகிற அரசாங்கத்துக்கு, எடை கூடினால் டிப்பரை கேட்டிலேயே நிறுத்தத் தெரியாதா? அப்படி நிறுத்தினால் ரோட்டில் மடக்க வண்டியே இருக்காது. மாமூலும் இருக்காது. ஒருவேளை அதுதான் தடையோ என்னவோ.

ஓவர்லோடில் முதல் குற்றவாளியாக ஏற்றியவர் பெயர் வரட்டும், இரண்டாவதாக ஏற்றச் சொன்ன முதலாளி. டிரைவர் மறுத்ததற்கு ஆதாரம் இருந்தால், ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும், அவருடைய லைசென்ஸில் கை வைக்காதீர்கள். தடைச் சாலை ஒவ்வொன்றுக்கும் திரும்பும் இடத்துக்கு முன்பே தமிழிலும் படத்திலும் போர்டு வேண்டும். போர்டு வைக்கும் வரை கேஸ் வேண்டாம். லாரி வாடகைக்குக் குறைந்தபட்ச விலை வையுங்கள்.

இந்த வாரம் முழுக்க நம்ம தோழர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் ஊரில் தடைச் சாலை எங்கே தொடங்குகிறதோ அந்த முனைக்குப் போங்கள். போர்டு இருக்கிறதா, தெரிகிறதா என்று போட்டோ எடுத்து, ஊர் பெயர், ஒன்றியத்தின் பெயரோடு இந்தப் பதிவின் கீழே போடுங்கள். டிரைவர் பெயரோ வண்டி நம்பரோ போட வேண்டாம். அவர் பிழைப்பில் கை வைக்காதீர்கள். கிரஷர் கேட்டில் எடைமேடை இருந்தால் அதையும் வெளியே நின்று படமெடுங்கள். உள்ளே போகாதீர்கள், வம்பு வேண்டாம். படங்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடமும் நம்ம மாவட்டச் செயலாளர்கள் நேரில் கொடுப்பார்கள். கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டும் இதே பக்கத்தில் வரும்.

லாரி ஸ்டாண்டில், டீக்கடையில், வாட்ஸ்அப் குரூப்பில் பகிருங்கள். போன் இல்லாத டிரைவர் அண்ணன்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

#ஏற்றியவர்மீதுவழக்குபோடு
#கேட்டில்நிறுத்துரோட்டில்அல்ல